பாப்பர் என்று எழுதிய குமாஸ்தா

பதினேழு வரி ஆங்கிலத்தில் ஒரு பெண்மணியை நான் பிச்சைக்காரியாக்கியிருக்கிறேன். மாதச் சம்பளம் வாங்குகிறவர், தவணை முடிந்த ஸ்கூட்டி வைத்திருப்பவர். நல்ல அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைச் செய்தேன் என்பது கூடுதல் அவமானம்.

அவர் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறார். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தையல் மிஷினில் வேலை. அவருடைய லைனில் சூப்பர்வைசர் இடம் காலியானது. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். "ரெண்டு வரி போதும்ணா" என்று வெள்ளைத் தாளோடு வந்தார். தண்ணீர் லாரியை நிறுத்தி ஒரு டம்ளர் கேட்ட மாதிரி.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்யும் குமாஸ்தா. இருபது வருடமாக மனு படிக்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனுதாரர் முதல் வரியில் ஏழையாகி, மூன்றாவது வரியில் நோயாளித் தாயாரைக் கூட்டிவந்து, கடைசி வரியில் காலில் விழுந்துவிடுவார். கடைக்கு எதிரே இருந்த குப்பைத்தொட்டியை நகர்த்தச் சொன்ன ஒரு தோல் வியாபாரி, காரில் வந்து இறங்கி, தான் நாதியற்றவன் என்று எழுதிக்கொடுத்தார். தொட்டி நகர்ந்தது. கண்ணீர் இல்லாத தாள் மேஜை தாண்டாது என்பது என் தொழில் நம்பிக்கை.

எனவே 'பெக்' என்று கெஞ்சித் தொடங்கினேன். 'புவர்' எல்லோரும் எழுதுவது. அகராதியைப் பெயரளவுக்குத் திறந்துவிட்டு 'பாப்பர்' என்று போட்டேன்.

"இதுக்கு இன்னாணா அர்த்தம்?"

"ஏழைன்னு அர்த்தம்மா. கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"நான் ஏழைன்னு எதுக்கு? வேல தெரியும்னு போடுங்க."

"அதெல்லாம் அவங்களுக்கே தெரியும்மா."

படித்தவன் சொல்கிறானே என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஆபீசில் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ என்று நினைத்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறார். என் கடிதம் சூப்பர்வைசர் வேலைக்கான ஃபைலுக்கே போகவில்லை. கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உதவுகிற கம்பெனி டிரஸ்டுக்குப் போயிருந்தது. அரிசி மூட்டை ஒன்றும் போர்வை ஒன்றும் கொடுத்து, வாங்கும்போது போட்டோ எடுத்திருக்கிறார்கள். லைனுக்குத் திரும்பியதும் பக்கத்து மிஷின்காரி, "இன்னாக்கா, சூப்பர்வைசருக்கு இனிமே அரிசிலதான் சம்பளமா?" என்று கேட்க, வரிசை முழுக்கச் சிரிப்பு.

சாயங்காலம் மூட்டையோடு ஸ்கூட்டியை என் வாசலில் நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

"நாளைக்கு மதியத்தோட கடைசிணா. ரெண்டு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் மிஷின் கத்துக் குடுத்தது நானு. அந்த வார்த்தைக்கு நெஜமா இன்னா அர்த்தம்?"

இந்த முறை அகராதியை ஒழுங்காகப் பார்த்தேன். நம் பேச்சில் ஒருவர் 'பாப்பராயிட்டார்' என்றால், முன்பு அவரிடம் ஏதோ இருந்தது என்ற மரியாதையாவது மிஞ்சும். கோர்ட்டில், வழக்குக் கட்டணம் கட்ட வழியில்லாதவர். ஆங்கிலத்திலோ, கைமுதல் எதுவும் இல்லாமல் பிறர் தர்மத்தில் சாப்பிடுகிறவர். கையேந்தி நிற்கிறவர் வரைக்கும் அந்தச் சொல் போகிறது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதினோரு வருசமா மிஷின்ல உக்காந்து சாப்புட்றேன். இதுல யாரோட தர்மம்ணா இருக்குது?"

அகராதியை மூடி வைத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "இவரு எழுதுன லீவு லெட்டர்ல நானே மூணு வாட்டி சீரியஸா கெடந்திருக்கேன். நீ அரிசியோட தப்பிச்சம்மா" என்றாள்.

புதுத் தாள் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எத்தனை வருடம், எந்தெந்த மிஷின் தெரியும், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார், பழைய சூப்பர்வைசர் லீவு போட்ட நாட்களில் லைனை யார் ஓட்டினார்கள். நான்கு வரிதான் வந்தது. என் பேனா பழக்கதோஷத்தில் இரண்டு முறை 'பெக்' என்று தொடங்கியது. இரண்டு முறையும் விரலை வைத்து நிறுத்தினார். "கேக்குறேன்னு மட்டும் போடுங்க." கேட்கிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் அவ்வளவு சின்னச் சொல் இருப்பது இருபது வருடமாக எனக்குத் தேவைப்பட்டதில்லை. எழுதிப் பார்த்தபோது தாளே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தோடு மூட்டையையும் எடுத்துப்போய், இது வேறு யாருக்கோ வரவேண்டியது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் ஸ்வீட் பாக்சோடு வந்தார். மூன்று மாதம் பார்க்கிறோம் என்று லைனை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அரிசியைப் பற்றிக் கேட்ட பக்கத்து மிஷின்காரி இப்போது 'மேடம்' என்கிறாளாம்.

நான் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு, நம் நான்கு வரியைப் பற்றி மேனேஜர் என்ன சொன்னார் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"போன வாட்டி எழுதுன ஆள்தான் இதையும் எழுதுனாரான்னு கேட்டாருணா. ஆமான்னேன். கவரைப் பிரிக்காமயே ஓரமா வச்சிட்டு, நீ போய் லைனை ஓட்டிக் காட்டும்மான்னுட்டாரு."