அணைக்கக் கூடாத அடுப்பு

துக்கம் கேட்க மலாக்காவிலுள்ள காஜா பெராங்குக்கு எப்படிப் போவது என்று தோட்டத்தில் பலர் கேட்கிறார்கள். போன மாதம் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை பார்வதி அங்கேதான் வயிற்றுப் பிள்ளையோடு இறந்தாள். நேரத்துக்கு வராத ஆம்புலன்ஸைத் தீயணைப்புப் படையிடமிருந்து பிடுங்கி ஆஸ்பத்திரியிடம் கொடுக்க வேண்டும், அதை அவள் கணவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

தம்பினிலிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல். ரயிலை மறந்துவிடுங்கள். ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். நம் ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். இப்போது இருப்பது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் ஒரு பீப்பாயில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். ஏழு மணிக்குப் புறப்படும். அது தோக்கியோ நேரம், வெளியே கும்மிருட்டாக இருக்கும். கட்டணம் மூன்று வெள்ளி, ஜப்பான்காரர்கள் அடித்த வாழைமர நோட்டில். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். கட்டணமும் கொடுத்துத் தள்ளவும் தள்ளிப் பத்தரைக்கு மலாக்கா சேர்ந்தேன்.

டவுனிலிருந்து காஜா பெராங் அரை மணி நடை. அங்கே செட்டிகள் குடியிருக்கிறார்கள். பெயரும் கோயிலும் நம்முடையவை மாதிரிதான், பேச்சு மட்டும் மலாய். மாப்பிள்ளை முத்தையா அவர்கள் நடுவில்தான் குடியிருக்கிறார். வாசலில் மூட்டை மூட்டையாகக் கொட்டாங்கச்சி. துக்க வீட்டில் இது என்ன குப்பை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டு ராஜு இன்னொரு கூடையைக் கொண்டுவந்து கொட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆப்பி ஜங்கான் மாத்தி" என்றார். நெருப்பு அணையக் கூடாதாம். அன்று பார்வதிக்கு ரத்தம் நிற்காமல் போனபோது சைக்கிளில் நிலையத்துக்குப் பறந்தவர் இவர்தான்.

பொம்பா என்று எல்லாரும் சொல்லும் தீயணைப்பு நிலையத்தில்தான் மாப்பிள்ளைக்கு வேலை. அங்கேதான் ஆம்புலன்ஸும் நிற்கிறது, அதுவும் கரி வண்டி. ராஜு போய்ச் சொன்னபோது அதன் அடுப்பு நனைந்து கிடந்திருக்கிறது. அது பற்றி எரிய முக்கால் மணி ஆனது.

"யாரு அதுல தண்ணி ஊத்துனது?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"நாந்தான் மச்சான். காலையில ஒரு ஆள ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்தேன். கொட்டகைக்குள்ள கங்கு கெடந்தா எங்களுக்குக் கை சும்மா இருக்காது. அணைச்சாத்தான் மனசு ஆறும். பத்து வருசப் பழக்கம்."

என்னால் அழவும் முடியவில்லை, அவரைத் திட்டவும் முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் நகர அலுவலகத்து அதிகாரி நிலையத்துக்கு வந்தார். ஆம்புலன்ஸ் இவர்களிடமே இருக்கலாமா என்று முடிவு செய்யத்தான் வந்திருந்தார். நான் அடக்கமாட்டாமல் முந்திக்கொண்டேன். "நெருப்பைக் கண்டா அணைக்கிறவங்ககிட்ட நெருப்புல ஓடுற வண்டியக் கொடுத்தா இப்படித்தான் ஆகும். என் தங்கச்சி அதுலதான் செத்தா" என்றேன். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"என் பொண்டாட்டிதான் செத்தா. ஆனாலும் வண்டி இங்கயே இருக்கட்டுங்க," என்றார் அவர். "ஆஸ்பத்திரில டிரைவரு பொழுது சாஞ்சா வூட்டுக்குப் போயிருவாரு. இங்க எந்நேரமும் ஆள் இருக்கோம். அன்னிக்கும் ஆள் இருந்தோம், நெருப்புதான் இல்ல. இனிமே அது அணையாது. வண்டியக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திட்டோம், மாத்தி மாத்திக் காவல் இருக்கோம்."

சும்மா எரிக்கக் கரி தர முடியாது என்றார் அதிகாரி. கொட்டாங்கச்சியைச் சுட்டு நாங்களே கரி போட்டுக்கொள்கிறோம் என்றார் மாப்பிள்ளை. அப்படியென்றால் இருக்கட்டும், அடுப்பு அணைந்தது தெரிந்தால் வண்டியை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். எனக்கு மாப்பிள்ளை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று அவர் வீட்டில் கை நனைக்கவில்லை.

மறுநாள் மதியம் பஸ்ஸுக்கு நடந்தபோது நிலையத்து வழியாகத்தான் போனேன், சொல்லிக்கொள்ளாமல் போய்விடலாம் என்று. அந்த நேரம் ஒரு மலாய்க்காரர் ஆம்புலன்ஸ் கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஏறினார். கடைசிப் பொத்தானைப் போடுவதற்குள் வண்டி சாலைக்கு வந்துவிட்டது. நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். பார்வதிக்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது. அங்கேயே சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வண்டி யாரிடம் இருக்க வேண்டும் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொம்பா ஆட்களை முழுசாக மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பின் இருக்கை வேண்டாம், கரிப்புகை கண்ணைக் கரிக்கும். திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் எதுவும் வாங்கிப் போகாதீர்கள். தோட்டத்தில் உடைக்கிற தேங்காயின் ஓட்டைத் தூக்கி எறியாமல் காயவைத்து, ஆளுக்கு ஒரு மூட்டை கொண்டுபோங்கள். நான் இரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்து யார் போகிறீர்கள்?