கணுவுக்கு அணைத்த மண்

தையல்காரம்மா அழுது அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கணவர் போன அன்றுகூட, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அப்படிப்பட்டவள் ஒரு தர்பூசணிக் கொடிக்காக வெறும் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள் என்றால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

அவள் கணவர் தபால்காரர். வெற்றிலையில்லை, சீட்டில்லை, சினிமாவில்லை. அந்த மனிதருக்கு இருந்த ஒரே பைத்தியம் ராட்சதத் தர்பூசணி. கோடை முடிவில் நடக்கும் எடைப்போட்டிக்காக, வீட்டின் பின்புறம் ஒரு லாரி நிற்குமளவு இடத்தில் ஒரே ஒரு கொடி வளர்ப்பார். அதில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டுவைப்பார். பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் காய்தான் பிள்ளை. வெயில் படாமலிருக்க அவள் அதற்கு வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போடுவாள். காய் பெருக்கப் பெருக்க வாரம் ஒருமுறை தையலைப் பிரித்து அகலமாக்குவாள். அதற்கென்றே உள்ளே நாலு விரல் துணி மடித்து விட்டிருப்பாள்.

"பள்ளிக்கூடத்துப் பசங்க சட்டைக்குக்கூட நீ இவ்வளவு துணி விடறதில்லையேடி" என்று அவர் கேலி செய்வார்.

"அதுங்க இவ்வளவு சீக்கிரம் தொப்பை போடறதில்லையே!"

பதினோரு வருடம். ஒவ்வொரு வருடமும் அந்தக் காயின் விதையை எடுத்து உலர்த்தி, பழைய தபால் உறையில் போட்டு, மேலே ஆண்டையும் எடையையும் எழுதுவார். அதன் கீழே 'சொந்த வேர்' என்று எழுதிக் கோடு போடுவார்.

அந்தக் கோட்டில் ஒரு சண்டையே இருந்தது. போட்டிக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சி. சுரைக்காய் நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அதன் வேரின்மேல் தர்பூசணியை ஒட்டுக்கட்டி வளர்ப்பவர்கள் ஒரு கட்சி. சுரை வேர் முரட்டு வேர். நோயும் அண்டாது, காயும் கனக்கும். தர்பூசணி தன் வேரிலேயே நிற்கவேண்டும் என்பவர்கள் மறு கட்சி. தபால்காரர் அதில் தலைவர் மாதிரி.

"அடுத்தவன் தோள்மேல ஏறி நின்னுட்டு நான் உயரம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பார்.

எதிர்க்கட்சி எங்கோ இல்லை, கூடப்பிறந்த தம்பிதான். நாற்றுப்பண்ணை வைத்திருந்த அவன் விற்றதெல்லாம் ஒட்டு நாற்று.

"கண்ணாடி போட்டுப் படிக்கிறவன் படிக்காதவனா, அண்ணே? நீங்களும் கண்ணாடியைக் கழட்டிட்டுத் தபாலைக் குடுங்க பாப்போம்!"

அவரது ஆகப் பெரிய காய் எழுபத்தொரு கிலோ. இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒட்டுக் காய்க்கு. கடைசிப் படுக்கையில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "விதையை விட்டுடாத. சொந்த வேர்ல ஒரு தடவையாவது ஜெயிச்சுக் காட்டு."

அவர் போன மறுவருடம் அவள் எட்டு விதை போட்டாள். எட்டும் முளைத்தன, படர்ந்தன. காய் கைப்பிடி அளவு வருவதற்குள் எட்டும் கருகின. மண்ணில் வாடல் நோய் இறங்கிவிட்டது. பழைய உறைகளெல்லாம் காலி, கடைசி உறையில் மிச்சம் நாலே விதை.

அடுத்த பருவத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் போனாள்.

"உன் பண்ணையில முளைக்கவச்சுக் குடு, தம்பி. ஆனா ஒட்டு வேண்டாம்."

"அந்த மண்ணுல சொந்த வேர் நிக்காது, அண்ணி. பழி என்மேல வேண்டாம்."

"ஒட்டு கட்டமாட்டேன்னு உங்கண்ணன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். நாலில் இரண்டுதான் முளைத்தது. ஒன்று மூன்றாம் நாள் அழுகிச் சரிந்தது. உள்ளங்கை உயர ஒற்றை நாற்று நின்றது. அண்ணனின் பதினோரு வருடம் அதில் நின்றது. அதைக் கொண்டுபோய் அந்தச் சீக்கு மண்ணில் நட அவனுக்கு மனசு வரவில்லை. பிளேடை எடுத்தான். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெட்டி, சுரை வேரில் ஒட்டினான்.

மூன்று வாரம் கழித்து, "நானே நட்டுத் தர்றேன்" என்று கொண்டுவந்து, ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட்டு, சுற்றிலும் வைக்கோலைப் போட்டு மூடினான். தையல்காரம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொடி படர்ந்தது. ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தொட்டுவைத்ததும் காய் பிடித்தது. இங்கேதான் விதி விளையாடியது.

தபால்காரருக்கு ஒரு வழக்கம். கொடி ஓட ஓட, ஒவ்வொரு கணுவுக்கும் மண் அணைப்பார். கணுவில் புது வேர் விட்டால் காய்க்குக் கூடுதல் தீனி. அவளும் தினம் காலையில் அப்படியே செய்தாள். அடித்தண்டுக்கும் வைக்கோலோடு சேர்த்து இரண்டு கை அதிகமாகவே அணைத்தாள். ஒட்டுச் செடிக்கு அது விஷம். மேலே இருக்கும் தர்பூசணித் தண்டு மண்ணைத் தொட்டு வேர் விட்டால், சுரை வேர் காவல் இருந்து என்ன பயன்? நோய் பக்கவாசல் வழியாக ஏறிவிடும்.

"இந்த வருஷம் மண்ணு அணைக்காதீங்க அண்ணி, ஈரம் நிக்குது" என்றான் கொழுந்தன்.

"பதினோரு வருஷம் உங்கண்ணன் அணைச்சாரு. உனக்கு இப்பதான் ஈரம் தெரியுதா?"

அதற்குமேல் பேசினால் உண்மையைச் சொல்லவேண்டும்.  அவள் தையல் கடைக்குப் போன பிறகு, மதியம் அவன் பின்பக்கமாக வந்து மண்ணையெல்லாம் தள்ளிவிட்டுப் போனான். மாலையில் அவள் பார்த்து, "இந்தப் பாழாப்போன எலி!" என்று திட்டுவாள். காலையில் மறுபடி அணைப்பாள். மதியம் அவன் மறுபடி தள்ளுவான். இருவரும் ஒரே கொடியை உயிராய்க் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவனுக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. ஜன்னியில், "மண்ணைத் தள்ளு, மண்ணைத் தள்ளு" என்று பிதற்றினான். நினைவு வந்தபோது போன் போட்டான்.

"அண்ணி... மண்ணு..."

"காய்ச்சல்லயும் மண்ணு நெனப்புதானா உனக்கு? எலித்தொல்லையெல்லாம் போச்சு, தம்பி. கணுவெல்லாம் வேர் விட்டுடுச்சு. நீ கஞ்சியைக் குடி."

அவன் வாயைத் திறந்தான். சத்தியம் செய்த நாக்கு எழவில்லை.

பூ தொட்ட இருபத்திரண்டாம் நாள். காய்க்கு இன்னும் நாற்பது நாள் வளர்ச்சி பாக்கி. மதிய வெயிலில் இலைகள் தொங்கின. மாலையில் நிமிரவில்லை. மூன்றே நாளில் கொடி முழுவதும் பழுப்புக் கயிறாகிவிட்டது. தையல்காரம்மா காயைத் தொடவுமில்லை, கொடியைப் பிடுங்கவுமில்லை. கடைக்குப் போனாள், சீருடை தைத்தாள், வந்தாள்.

ஒரு வாரம் கழித்து வைக்கோலை ஒதுக்கியவள் திகைத்தாள். செத்த தண்டின் அடியில் ஒரு பச்சைத் துளிர். ஐயோ, உயிர் இருக்கிறது! விரலால் இலையைத் தடவினாள். விரல் அப்படியே நின்றுவிட்டது. தர்பூசணி இலை கத்தரித்தாற்போல் வெட்டு வெட்டாக இருக்கும். இது முழு வட்டம், வெல்வெட் மாதிரி தடிப்பு; சுரை இலை. முப்பது வருடம் துணி வெட்டிய கண் அது. மண்ணைக் கிளறினாள். ஒட்டுத் தழும்பு தெரிந்தது.

சொல்லியனுப்பியதும் கொழுந்தன் வந்தான். பாதி ஆளாக இருந்தான். தழும்பைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், அப்படியே காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"எலி நீதானா?"

"நான்தான், அண்ணி."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அந்தப் போன்லயாவது?"

"சொல்லியிருந்தா பிடுங்கிப் போட்டிருப்பீங்க."

 அவள் அந்த வட்ட இலையை மறுபடி தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஆமா... பிடுங்கித்தான் போட்டிருப்பேன்" என்றாள். அதைச் சொன்ன கணத்தில்தான் உடைந்தாள். கணவர் போன அன்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

"என் கையாலயே அணைச்சேனே, தம்பி... என் கையாலயே..."

அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். யார் யாரைத் தேற்றுவது?

பொழுது சாயுமுன் அவளே காயின் உறையைக் கழற்றினாள். உள்ளே மடித்த துணி மூன்று விரல் இன்னும் பிரிக்கப்படாமலே இருந்தது. கத்தியைக் கொடுத்து, "நீ வெட்டு" என்றாள். உள்ளே வெளிறிய சதை. விதைகள் அத்தனையும் வெள்ளை. நகத்தால் அழுத்தினாலே நசுங்கிப்போகும் பிஞ்சு விதை.

"முளைக்காது, அண்ணி."

"தெரியும்."

தெரிந்தும் அவள் ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். கழுவினாள். காகிதத்தில் உலர்த்தினாள். நாலாம் நாள் பெட்டியைத் திறந்து பழைய தபால் உறை ஒன்றை எடுத்து, விதைகளை உள்ளே போட்டாள். மேலே ஆண்டை எழுதினாள். எடையை எழுதினாள். கீழே எழுதப்போனபோது பேனா சற்று நின்றது.

'சுரை வேர்' என்று எழுதி, அவர் போடுவது போலவே ஒரு கோடு போட்டு, மற்ற பதினோரு உறைகளுக்கு அடுத்தபடியாக அதையும் வைத்துப் பெட்டியை மூடினாள்.