பாதியில் நின்ற வரி

இறந்தவன் கையெழுத்துப் போடுவானா? போட்டிருந்தான். பெங்களூரு வைட்ஃபீல்ட் அலுவலகத்தில், பட்டப்பகலில், சங்கமித்ராவின் திரையில் பச்சை எழுத்தில் நின்றது: ‘கையெழுத்து சரி. ஒப்பமிட்டவர்: தினேஷ்.’

தினேஷ் அவள் கணவன். அதே குழுவில் வேலை பார்த்தவன். சில மாதங்களுக்கு முன், தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பும் வழியில், மாரத்தஹள்ளி பாலத்தருகே, மழையில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்தவன். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்றவர்களை மீறிப் போய், கல்பள்ளியில் பிடி மண் போட்டவளே அவள்தான். ஆனால் அந்தக் கையெழுத்து இருந்த கோப்பின் தேதி நேற்று!

“பசங்க பயப்படறாங்கம்மா,” என்றார் மேலாளர் மஞ்சுநாத். “சாயங்காலத்துக்குள்ள அவரு கையெழுத்துச் சாவிய ரத்து பண்ணிடணும். பண்ணா, அவரு கையெழுத்துப் போட்ட பழைய வேலையெல்லாம் செல்லாதுன்னு வரும். ஏனு மாடோது, என்ன பண்றது, நீயே சொல்லு.”

செல்லாது! அவன் எழுதியது அத்தனையுமா?

டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை எண்களாகப் பிரித்து வைக்கும் லைப்ரரியை, அதாவது நிரல் தொகுப்பைத்தான் அவர்கள் குழு எழுதுகிறது. சில எண்கள் குழு முழுவதற்கும் பொது. வாசலில் எழுதிய வீட்டு எண் போல யாரும் பார்க்கலாம். ஒன்றே ஒன்று ரகசியம். அது தினேஷிடம் மட்டுமே இருந்தது. மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அப்படியானால் நேற்று வந்தது யார்? பைத்தியக்கார மனம் கண்ணாடிக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

கதவைத் திறந்து வந்தவள் சௌம்யா. புதிதாகச் சேர்ந்த பெண். முகமெல்லாம் அழுகை.

“அக்கா, நான்தான்க்கா. நேத்து டெஸ்ட்டுக்கு ஒரு சாவி வேணும்னு பழைய எரர் லாக்ல இருந்த நம்பரையெல்லாம் எடுத்துப் போட்டேன். சாம்பிள்னு நெனச்சேன். அண்ணனோடதுன்னு சத்தியமா தெரியாதுக்கா.”

“ரகசிய நம்பர் எப்படிடி லாக்ல வரும்?”

“எல்லாமே அப்படியே அச்சாகி இருந்துச்சுக்கா.”

சங்கமித்ரா தினேஷ் முடிக்காமல் விட்ட வேலையைத் திறந்தாள். பிழை வந்தால் லைப்ரரி சாவியின் எல்லா எண்களையும் லாக் என்ற பிழைப் பதிவில் கொட்டிவிடுகிறது. ரகசியத்தை மட்டும் மறைக்க அவன் ஒரு வரி எழுதத் தொடங்கியிருந்தான். பாதியில் நின்றிருந்தது.

விபத்து நடந்த அன்று போனில் அவன் குரல்: “ஒரே ஒரு வரி மித்ரா, முடிச்சிட்டு வந்துடறேன்.”

“மழ கட்டிக்கிட்டு வருது. உன் வரி எங்கயும் ஓடிடாது. இப்பவே கெளம்பு!” என்று அதட்டியவள் அவள்தான்.

கிளம்பினான். வரி ஓடவில்லை. அவன்தான் போய்விட்டான்.

அழுதுகொண்டே அந்த வரியை அவள் முடித்தாள். சாவியை ரத்து செய்தாள். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவன் எழுதிய கோப்புகளை ஒன்று விடாமல் படித்துச் சரிபார்த்து, தன் சாவியால் ஒப்பமிட்டாள். திருமணப் பதிவேட்டில் அவன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாளே, அதே போல.

மறுபடி பச்சை வந்தது. ‘எழுதியவர்: தினேஷ். ஒப்பமிட்டவர்: சங்கமித்ரா.’

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பின்னால் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“முடிச்சிட்டேன்,” என்றாள் மெதுவாக. “கெளம்பலாம்.”