கப்பலை முந்திய கடிதம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாகச் சோறு வடித்துத் தின்று எனக்கு அலுத்துப் போயிருந்தது. தலைப்பிரசவத்துக்குக் கப்பலேறி நாகப்பட்டினத்துத் தாய்வீட்டுக்குப் போன மனைவி, குழந்தை பிறந்து எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. குழந்தைக்குச் சளி, கடலில் காற்று, நாள் சரியில்லை என்று மாமனார் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு திங்கட்கிழமை, வேலை முடிந்து வந்த எரிச்சலில், "இனி நீ வரவே வேண்டாம், அங்கேயே இருந்துகொள்" என்று அவளுக்கு எழுதிக் கப்பல் தபாலில் போட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் கோபம் ஆறிப் பயம் பிடித்துக்கொண்டது. போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன்.

"கப்பல் காலையிலேயே கிளம்பிருச்சு அண்ணே," என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "வேணும்னா ஏரோப்ளேன்ல இன்னொண்ணு போட்டுப் பாருங்க லா."

நானும் குமாஸ்தாதான், ரயில்வேயில் நேர அட்டவணை போடுகிறவன். மைலும் மணியும்தான் என் பிழைப்பு. ஆபீஸ் சுவரில் தொங்கிய வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தேன். அலோர் ஸ்டார் விமானத்தளத்திலிருந்து பாங்காக், ரங்கூன் வழியாகக் கல்கத்தா ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு மைல். மணிக்கு நூற்றிருபது மைல் என்று வைத்தால் பறக்கும் நேரம் பன்னிரண்டரை மணி. இரவு தங்கல், அதன்பின் நாகப்பட்டினம் வரை ரயில், எல்லாம் சேர்த்தாலும் கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால் போய்விடும். கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. புத்திதான் பிசகியது.

பின்னால் வருவதைப் படிக்காதே என்று எழுத வெட்கமாக இருந்தது. அந்த வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் மாமனார்தான் பிரித்து, எல்லாருக்கும் கேட்க உரக்கப் படிப்பார். அதனால் கோபத்தைப் பற்றி மூச்சு விடாமல், "நீ இல்லாமல் முடியவில்லை, உடனே புறப்பட்டு வா" என்று மட்டும் கெஞ்சினேன். இதைப் படித்தவள் பின்னால் கப்பலில் வருவதைப் பழைய கடிதம் என்று தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். வண்டிக்கெல்லாம் நேரம் குறிக்கிற எனக்கு வீட்டுக் கடிதத்தில் தேதி போடும் பழக்கம் கிடையாது. உறையின் மேலிருக்கும் தபால் முத்திரையில் தேதியை யார் பார்க்கிறார்கள்?

மூன்று வாரம் காத்திருந்தேன். அவளுக்காக வாங்கிய அம்மிக்கல் மூலையில் கிடந்தது. சமைக்கவும் மனமில்லாமல் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். அப்படி ஓர் அசதி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

பதில் கப்பலில்தான் வந்தது. வழக்கமாக மாமனார்தான் எழுதுவார். இம்முறை அவளே எழுதியிருந்தாள்.

"முதல் கடிதம் கண்டு மூட்டை கட்டினேன். அப்பா டிக்கெட்டுக்குச் சொல்லப் புறப்பட்ட அன்றே, வர வேண்டாம் என்று உங்கள் அடுத்த கடிதம் வந்தது. தெருவே கேட்டது. கடைசியாகச் சொன்னதுதானே உங்கள் முடிவு? அப்படியே இருக்கிறேன். பெயர் வைப்பதை உங்களுக்காகத் தள்ளி வைத்திருந்தோம். இனி எதற்கென்று குழந்தைக்கு அப்பாவே பெயர் வைத்துவிட்டார்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். என்ன பெயர் என்று அவள் எழுதவில்லை.