‘இல்லை’ என்று போடச் சொன்னேன்

போன வருடம், ஏப்ரல் மாதம். நாங்கள் அயனம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை என் மகள் வயதுப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது மகள் ஆறாவது பரீட்சை முடித்திருந்தாள். என் மனைவியின் தம்பி டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். மலைப் பக்கம் சவாரி போய் வந்த அவன்தான் அந்த ஆசையைக் கிளப்பிவிட்டான். காட்டுக்குள்ளே ஒரு பெரிய நீர்த்தேக்கமாம். மோட்டார் கிடையாது. சின்னத் துடுப்புப் படகில் நாமே தள்ளிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். ராத்திரி அங்கேயே வனத்துறைக் குடிசையில் தங்கிவிட்டு மறுநாள் அதே படகில் திரும்பலாம். ஆனால் ஒரு நாளைக்குச் சில படகுகளுக்குத்தான் அனுமதி. மாதம் முதல் தேதி காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் பர்மிட் திறக்கும், ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

“கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பூடும் மாமா. நீ ஒரு எழுத்து தேடறதுக்குள்ள வேற எவனாவது யானைய பாத்துட்டு வந்துருவான்” என்று மச்சான் என்னைக் கிண்டல் செய்தான்.

அதனால் மே மாத முதல் தேதியைக் குறி வைத்து ஏப்ரலிலேயே தயாராக ஆரம்பித்தோம். ஆதார் நகல், ஒவ்வொருவரின் போட்டோ, ரத்த வகை எல்லாம் சேர்த்தோம். மச்சான் மாதிரிப் படிவத்தை என் போனுக்கு அனுப்பி, “டெய்லி ஒரு தபா ரொப்பிப் பாரு” என்றான். தினமும் டீ குடித்துக்கொண்டே நிரப்பிப் பார்ப்பேன். முதல் நாள் பதினொரு நிமிஷம் ஆனது. மகள் கட்டிலில் உட்கார்ந்து, துடைப்பத்தைத் துடுப்பாக்கி, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் படகு ஓட்டிக்கொண்டிருப்பாள். காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், படிவம் இங்கிலீஷில் இருக்கிறதே என்று அவளையே படித்து நிரப்பச் சொன்னேன். பேர், வயது, முகவரி எல்லாம் கடகடவென்று போனது. பிறகு நின்றுவிட்டாள்.

“ப்பா, வர்றவங்கள்ல யாருக்காவது ஃபிட்ஸ், ஆஸ்துமா, ஹார்ட் பிராப்ளம் இருக்கான்னு கேக்குது. இன்னா போடட்டும்?”

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மகளுக்கு ஐந்து வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த ஏப்ரலுக்கு முன் ஒன்றரை வருடமாக வரவே இல்லை. இந்த விஷயம் டாக்டரையும் எங்கள் மூன்று பேரையும் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. ஒரு சீமந்தத்தில் அவள் விழுந்தபோது, காலையில் சாப்பிடவில்லை, மயக்கம் என்று சொல்லிச் சமாளித்தோம். மாத்திரை அட்டைகள் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். மச்சானுக்குக்கூடத் தெரியாது. அவனிடம் சொன்னால் அவன் வீட்டில் சொல்வான், அங்கிருந்து சொந்தமெல்லாம் பரவும். பெண் பிள்ளை. நாளைக்கு ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டியவள். எங்கள் பயமெல்லாம் அதுதான்.

“இல்லைன்னு போடும்மா” என்றேன்.

அவள் விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘இல்லை’யைத் தொட்டாள்.

எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நான் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பேன். பிரஸ் மெஷினில் சின்னதாகச் சத்தம் மாறினால்கூட, ஓட்டக் கூடாது என்று சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவன் கை போய்விடக் கூடாது. மெஷினுக்கு அதைச் செய்கிற நான்தான், என் மகளை விட்டே அவளைப் பற்றிப் பொய் எழுத வைத்தேன்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி, லைஃப் ஜாக்கெட் போட்டுத் தண்ணீரில் மிதந்து பழகியிருக்கிறீர்களா என்று. அதில் மட்டும் உண்மையாக இருக்கலாம் என்று, பூந்தமல்லி பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் பழகப் போனோம். முதல் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகப் போனது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் மச்சான் சனிக்கிழமையே வந்து எங்கள் வீட்டில் தங்கினான். இருப்பது ஒரு ஹால், ஒரு சமையலறை. சமையலறை வாசல்படியிலேயே உட்கார்ந்து அக்காவோடு கதை பேசிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் டின்னைத் திறக்க முடியாமல் ராத்திரி மாத்திரை விட்டுப்போனது. காலையிலும் அப்படியே. ‘வந்து கொடுத்துக்கலாம்’ என்று மனைவி கண்ணாலேயே சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

குளத்தில் கற்றுக்கொடுக்கும் பெண் ஒரு நோட்டோடு வந்து, பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது எனக்கு வாய் கூசவே இல்லை. ஏழு வருடப் பழக்கம்.

மகள் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினாள். அன்றைக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு பழகினார்கள். டீச்சர் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார். இவளைக் கவனிக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை, நான்தான் கொடுக்கவில்லையே. நான் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாதிரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தான். “நாலு நிமிசம் மாமா! தேறிட்ட!” என்று முதுகில் தட்டினான்.

அந்த நேரத்தில் பின்னால் தண்ணீரில் யாரோ குதித்தார்கள்.

திரும்பினால், பலகை மட்டும் மிதக்கிறது. உடை மாற்றும் அறையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள், கட்டிய புடவையோடு தண்ணீரில் நிற்கிறார். என் மகளின் தலை அவர் தோள் மேல். கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டீச்சரும் ஓடி வந்து, இரண்டு பேருமாகத் தூக்கிக் கரையில் போட்டார்கள். பிள்ளைகளே, தண்ணீரில் வலிப்பு வந்தால் சத்தமே இருக்காது. கூப்பிட மாட்டார்கள், கை காட்ட மாட்டார்கள். பத்தடி தூரத்தில் இருந்த அப்பனுக்கே தெரியவில்லை.

நான் ஓடிப்போய் வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் திணிக்கப் பார்த்தேன். அந்த அம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

“இரும்பு இன்னாண்ணா பண்ணும்? கைய அமுக்காத. ஒருக்களிச்சிப் படுக்க வை, வாயில கீற தண்ணி வெளிய வரட்டும்.”

அவர் சொன்னபடிதான் செய்தோம். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருக்கும். எனக்கு அது முடியவே முடியாத நேரமாக இருந்தது. இழுப்பு நின்று, அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சுற்றிலும் ஜனம் கூடிவிட்டது.

“முன்னாடி இந்த மாதிரி வந்துகீதாண்ணா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஈரத் தரையில் என் பிள்ளை கிடக்கிறாள். அப்போதும் நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, “இல்லம்மா, இதான் மொத தபா” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் கண் திறந்தாள். வீட்டில் இருந்த அம்மாவைத் தேடினாள். டீச்சர் குனிந்து ஏதோ கேட்டார். மகள் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எனக்கு ஃபிட்ஸ் வரும்க்கா. அஞ்சு வயசுலேர்ந்து மாத்திரை சாப்புடறேன். நேத்து சாப்புடல.”

யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாள் தன் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “என் தம்பிக்கும் இதாண்ணா. நாங்களும் வெளிய சொல்லல. பசங்களோட ஏரிக்குக் குளிக்கப் போனான். நீச்சலடிக்கிறான்னு நெனச்சிகினு அதுங்க சும்மா பாத்துகினு இருந்துச்சிங்க. தெரிஞ்சிருந்தா தூக்கியிருக்குங்கல்ல?” அவ்வளவுதான் சொன்னார். என் மகள் தலையைத் துவட்டிவிட்டு, விட்டுவந்த துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டார். ஆட்டோ வந்த அவசரத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் தேடிப் போனபோது வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என்னைப் பார்க்காமலே சொன்னான்: “நான் அதுக்குத் தாய்மாமன் மாமா. என்னைப் பாத்தா பயந்துகினு கொழந்தைக்கு மாத்திரைய நிறுத்தினீங்க?” சேதி கேட்டு ஓடி வந்த மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மே முதல் தேதி வந்தது. கம்பெனி லீவு. பத்து மணிக்கு முன்பே நான்கு பேரும் மச்சான் கொண்டுவந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். அப்ளை பண்ணவே வேண்டாம், விட்டுவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மகள் கேட்கவில்லை.

“ஆமாம்னு போட்டே கேட்டுப் பாக்கலாம்ப்பா. வேணாம்னா அவங்க சொல்லட்டும்.”

அந்தக் கேள்வி வந்தது. இந்த முறை நானே ‘ஆம்’ என்பதைத் தொட்டேன். விவரம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. மகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே அடித்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்தோம். பதினாலு நிமிஷம் ஆனது. மச்சான் அன்றைக்கு நேரம் பார்க்கவில்லை. இடம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் விண்ணப்பத்தைத் தனியாகப் பரிசீலிப்பதாகச் செய்தி வந்தது. ஒரு வாரம் கழித்துப் பதிலும் வந்தது. இப்போது அனுமதிக்க முடியாது, தொடர்ந்து ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் டாக்டர் கடிதத்தோடு மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை பார்க்கிறேன், அந்தப் பிஸ்கட் டின் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இல்லை. ஹாலில் டிவி பக்கத்தில், வருகிறவர்கள் போகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தாள். நாங்கள் அதை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு டீச்சரிடமும், பக்கத்தில் உட்காரும் மூன்று தோழிகளிடமும் அவளே சொல்லிவிட்டாள். போன வருடக் கடைசியில் வகுப்பிலேயே ஒரு முறை வந்தது. அந்தப் பெண்கள் பயப்படாமல், பெஞ்சை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். எனக்குப் போன் வருவதற்குள் அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. காலண்டரில் அடித்துக்கொண்டே வருகிறாள். இப்போது ஏழு மாதம் முடிந்திருக்கிறது. அந்தக் காட்டையும் யானையையும் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, உங்கள் உடம்பில் ஏதாவது இருந்தால் அது நீங்கள் செய்த தப்பு இல்லை. ஒளித்துவை என்று பெரியவர்கள் சொன்னாலும், உங்களோடு தண்ணீரில் இறங்குகிற ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். என் மகள் விரல் அன்றைக்குத் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றதே, அது அவள் என்னிடம் கேட்ட கேள்வி. இப்போது எந்தப் படிவம் வந்தாலும், எதையும் நிரப்புவதற்கு முன் நான் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.