கரித்துண்டு போட்ட டப்பா

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நான் லேபில் வேலை செய்பவன். மலத்தில் இருக்கும் வைரஸைப் பிடித்து, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, மாட்டிடமிருந்து மனுஷனுக்கு வந்ததா, மனுஷனிடமிருந்து மாட்டுக்குப் போனதா என்று பார்க்கிற பிழைப்பு. இதில் பேய்க்கு எங்கே இடம்? நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்களும் என் மேலதிகாரி மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போய், குழந்தையின் மலம் ஒரு டப்பா, அதே வீட்டு மாட்டின் சாணி ஒரு டப்பா என்று வாங்க வேண்டும். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த அம்மாக்களைப் பொறுக்க முடியாது. பிள்ளையின் மலம் வேறு ஆள் கைக்குப் போனால் யாராவது ஏதாவது செய்துவிடுவார்களாம், அதனால் டப்பாவுக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டுக் கொடுப்பார்கள். கரி விழுந்தால் டெஸ்ட் சரியாக வராது. எத்தனை முறை சொல்வது! "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த முறையும் போடுவார்கள்.

போன கோடையில் ஒரு நாள் உச்சி வெயிலில், உப்பளத்து வரப்பில் பைக்கை நிறுத்தி ஐஸ் பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முழங்கால்வரை உப்பு அப்பிய ஒரு பெண் வந்து இரண்டு டப்பாக்களை நீட்டினாள்.

"திவ்யா, ரெண்டு வயசு. கடைசி வூடு, செல்வியோட கொழந்த. இன்னொண்ணு அவங்க கன்னுக்குட்டியுது."

திறந்தால் இரண்டிலும் கரி. "எத்தினி வாட்டிமா சொல்றது உங்களுக்கு?" என்று கத்திவிட்டு, குனிந்து லேபிள் எழுதி நிமிர்ந்தேன். ஆள் இல்லை. சுற்றிலும் வெறும் பாத்தி, ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. போய்த் தொலையட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், கரி கிடந்தும் டெஸ்ட் வேலை செய்தது. இரண்டிலும் ஒரே ரோட்டா வைரஸ், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவது. அதைச் சொல்ல அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். "நாங்க யாருகிட்டயும் எதுவும் குடுக்கலையே சார்" என்றாள் செல்வி. திவ்யா நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி எங்கே என்றால், "மாடு இன்னும் கன்னே போடலையே" என்று நிறைமாத மாட்டைக் காட்டினாள்.

யாரோ என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. வந்ததற்கு நாலு உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில் திணித்து, "கொழந்தைக்குத் தண்ணியா போச்சுன்னா இதைக் கரைச்சிக் குடுங்க. கை வைத்தியம்னு உக்காந்துக்கினு இருக்காம எனக்கு போன் பண்ணுங்க" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

டப்பா வாங்கிய இருபத்தோராம் நாள் செல்வியின் போன் வந்தது. "விடியக்காலத்துலருந்து தண்ணியா போவுது சார், கொழந்த கண்ணே தொறக்கல. நீங்க குடுத்தத கரைச்சிக் குடுத்துக்கினே இருக்கேன்." நாலு நாள் முன்பு பிறந்த கன்றுக்கும் அதேதான். குழந்தையை ஆபீஸ் ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தத் தண்ணீர் உள்ளே போயிருக்காவிட்டால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர்.

அன்றைக்குக் குழந்தையிடமும் கன்றிடமும் எடுத்த மாதிரிகளைப் படித்துப் பார்த்தேன். பழைய டப்பா வைரஸுக்கும் இதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. மேலதிகாரியிடம் சொன்னால், "லேபிளை மாத்தி ஒட்டியிருப்பீங்க, போங்க" என்கிறார். பழைய ரிப்போர்ட் கன்று பிறக்கும் முன்பே போய்விட்டதே ஐயா, எதை எதோடு மாற்றி ஒட்டுவது? யார் காதில் வாங்குகிறார்கள்.

அதோடு போயிருந்தால் மறந்தே இருப்பேன். இந்த மாதம் அதே வரப்பு வழியாக வந்து லேபில் ஐஸ் பெட்டியைத் திறந்தால், நான் வாங்கிய பத்து டப்பாவோடு பதினொன்றாவதாக ஒன்று. உள்ளே கரித்துண்டு. லேபிளில் யாழினி, நாலு வயசு என்று இருந்தது. என் மகள். கையெழுத்து என்னுடையது, ஆனால் சத்தியமாக நான் எழுதவில்லை. யாருக்கும் சொல்லாமல் நானே டெஸ்ட் போட்டேன். பாசிட்டிவ்.

அந்த டப்பா வந்து இன்றோடு பத்தொன்பது நாள். லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. காலையிலிருந்து இட்லியைத் தள்ளித் தள்ளி வைக்கிறாள். "பசிக்கல, போப்பா" என்கிறாள். வெறும் அடம்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.