பூருல் கோட்டைக் கழற்றினாளா?

குளியலறைக்கு ஓடு பதிக்க ஆள் தேடுகிறாள் என் மகள். போனில் ஒருத்தனைக் காட்டி, ஐந்து நட்சத்திரம் வாங்கியவன் என்றாள். யார் கொடுத்த நட்சத்திரம் என்று கேட்டேன். தெரியாதாம். எனக்குப் பூருல் ஞாபகம் வந்துவிட்டது.

பூருல் எங்கள் குளிர்மலை ஊரான நரினில் மின்சார மீட்டர் பார்த்தவள். அப்போதெல்லாம் மீட்டர் சமையலறையில் இருக்கும்; இப்போதுதான் தெருக் கம்பத்துக்குப் போய்விட்டது. அதனால் அவள் நுழையாத சமையலறை ஊரில் கிடையாது. சமையலுக்கும் குளிர் காயவும் வீட்டுக்கு ஒரு செங்கல் அடுப்பு; எவன் கட்டியது புகையை மேலே இழுக்கிறது, எவன் கட்டியது வீட்டுக்குள் துப்புகிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். இங்கே யாரைக் குறை சொன்னாலும் அவன் இன்னொருத்தருக்குச் சம்பந்தி, இல்லையென்றால் மச்சான். ஒரு கொத்தனைப் பழித்தால் பத்து வீட்டில் தேநீர் கிடைக்காது.

ஆகவே ஊர் அவள் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. ஆட்டுத்தோல் கழுத்துப்பட்டி வைத்த சாம்பல் நிறக் கோட்டு. நல்ல அடுப்புள்ள வீட்டில் அதை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். புகைகிற வீட்டில் பொத்தானைத் தொடமாட்டாள். கதவையும் ஒருக்களித்தே விட்டுவைத்து, மரியாதைக்கு ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

என் மனைவி அசில் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன சமயம், வீட்டில் அடுப்பு இல்லை. முந்தின குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் தலைவலியோடுதான் எழுந்திருந்தோம். பச்சைக் குழந்தை தாங்குமா? கரிப்புகை தூங்குகிற ஆளை எழுப்பாது, அப்படியே கொண்டுபோய்விடும். அதனால் பழைய அடுப்பை நானே இடித்துத் தள்ளியிருந்தேன். இடித்த மறுநாளே கொத்துக்கரண்டியோடு வந்து நின்றான் அசிலின் அண்ணன் ஜுமாஷ்.

"மாப்ள, தங்கச்சி வீட்டு அடுப்ப நான் கட்டாம வேற எவன் கட்டுவான்?"

செங்கல் வரட்டும் மச்சான் என்று சொல்லிச் சமாளித்தேன். பூருலை என் லாரியில் ஏற்றிக்கொண்டு அவள் போகிற வீடுகளுக்கெல்லாம் நானும் போனேன். ஜுமாஷ் அடுப்பு கட்டிய வீட்டில் வீட்டுக்காரி கெஞ்சினாள்.

"கோட்டக் கழட்டுங்கக்கா, ஊரு பாக்குது."

"சளி பிடிச்சிருக்கும்மா."

அடுத்த தெருவில் ஓர்மோன் என்ற சிடுமூஞ்சி கட்டிய அடுப்பு. வாசல் தாண்டியதுமே கோட்டு ஆணியில் தொங்கியது. சளி போன இடம் தெரியவில்லை. லாரியில் ஏறியதும் புலம்பினேன்.

"அக்கா, மச்சான எப்படி வேணாம்கிறது? அசில் என்னைத் தொலைச்சிடுவா."

"நீ எதுக்குச் சொல்ற? நான் மீட்டர் பாக்க வரேன்."

வந்தாள். ஜுமாஷ் முழங்கை வரை சேற்றோடு மண் குழைத்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, நீயா மண்ணு குழைக்கிற? நீ தாய்மாமன்டா!"

"அதுக்கென்னக்கா?"

"பிள்ளைக்கு முதல் தீ மூட்டுற கை. அதுல சேறு படலாமா? மண்ணு குழைக்க ஆயிரம் பேரு கிடைப்பான். தாய்மாமனுக்கு எங்க போறது?"

"அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"உங்கம்மா சொல்லலியா?"

ஜுமாஷ் யோசித்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "சொல்லியிருப்பா. நான்தான் கவனிக்கல."

வெளியே வந்ததும் கேட்டேன், "எந்த ஊரு வழக்கம்க்கா இது?"

"இன்னிக்குக் காலையில பொறந்தது. உன் பிள்ளைக்கு அண்ணன்னு வச்சுக்கோ."

ஓர்மோன் கட்டினான். ஜுமாஷ் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு செங்கல்லுக்குச் செங்கல் குறை சொன்னான். "தீ மூட்டுறவரே, வெளிச்சத்த மறைக்காதீங்க" என்பதைத் தவிர ஓர்மோன் எதுவும் பேசவில்லை.

அசில் குழந்தையோடு வந்த அன்று பனி கொட்டியது. ஜுமாஷ் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்து தீ மூட்டினான். குப்பென்று புகை முழுவதும் அறைக்குள் வந்தது. அசில் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு கதவுப்பக்கம் ஓடினாள்.

"நான் கட்டியிருந்தா இப்படி ஆகுமா?" என்றான் ஜுமாஷ். பிள்ளை பார்க்க வந்திருந்த பூருலைப் பார்த்தேன். கழுத்து வரை பொத்தான்.

"குழாய் ஜில்லுனு கெடக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றான் ஓர்மோன். பழைய செய்தித்தாளைக் கசக்கி, புகைக்குழாயின் அடியில் இருந்த சின்னக் கதவுக்குள் திணித்துக் கொளுத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுப்பு ஹோவென்று மூச்சு இழுத்தது. அறையில் இருந்த புகையும் அதன் வாய்க்குள்ளேயே போனது.

பூருல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இன்னொரு தரம் உறிஞ்சினாள். கதவை இழுத்து மூடிவிட்டு மேல் பொத்தானில் கை வைத்தாள். கோட்டு ஆணிக்குப் போனது.

"பாத்தியா மாப்ள, கழட்டிட்டா!" ஜுமாஷ் என் முதுகில் ஓங்கி அறைந்தான். "மூட்டின கை யாருது?"

அசில் பிள்ளையை அடுப்போரம் கிடத்தினாள். அந்தப் பிள்ளைதான் இப்போது எனக்கு நட்சத்திரம் காட்டுகிறாள்.